குடும்ப நல கோர்ட் வக்கீலாக வேண்டுமா? தமிழ்நாட்டில் எங்கிருந்து தொடங்குவது, எதைக் கற்றுக்கொள்வது

"ஃபேமிலி கோர்ட் பக்கம் போனால் சட்டமே மறந்துவிடுமாமே, அழுகையும் சண்டையும்தானாமே" என்று கடைசி வருட மாணவர்கள் கேட்பதுண்டு. சில சீனியர்களே அப்படித்தான் பேசுவார்கள். என் கருத்து நேர்மாறானது. சாட்சியை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற வேலையை, அதாவது ட்ரையலைக் கற்றுக்கொள்ள, ஒரு ஜூனியருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பாகப்பிரிவினை வழக்கு சாட்சிக் கூண்டை எட்டவே ஆண்டுக்கணக்காகும், எட்டினாலும் கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை, செய்வது சீனியர், வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பது நீங்கள். விவாகரத்து வழக்கில் பெரும்பாலும் கணவன், மனைவி, மிஞ்சிப்போனால் ஒரு அப்பாவோ அண்ணனோ, இவ்வளவுதான் சாட்சிகள். அதனால் வாய்ப்பு சீக்கிரம் வரும். வரும்போது தயாராக இருக்கிறீர்களா என்பதுதான் விஷயம், அதற்கான வழியைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் படிப்பு

குடும்பச் சட்டத்துக்கென்று தனி லைசென்ஸோ தனித் தேர்வோ நம் நாட்டில் இல்லை. எல்லா வக்கீலுக்கும் உள்ள அதே பாதைதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐந்தாண்டு படிப்பு, அல்லது ஏதாவது ஒரு பட்டம் வாங்கிய பிறகு மூன்றாண்டு எல்எல்பி. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டில் எது உசத்தி என்று நிறைய விவாதம் நடக்கும், குடும்ப நல கோர்ட்டில் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சேருவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்ய பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை. அஞ்சல் வழியில் சட்டம் படிப்பதும் செல்லாது. மூன்று வருடமும் பணமும் போன பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

படிக்கும்போது குடும்பச் சட்டத் தாள்களைவிட, சிவில் நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் உருப்போடாமல் புரிந்து படியுங்கள். விவாகரத்துக்கான காரணங்கள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், நீங்கள் தினமும் மோதப்போவது நடைமுறையோடுதான். விடுமுறையில் ஏதாவது ஒரு வக்கீல் ஆபீசில் இன்டர்ன்ஷிப் போனால், ட்ரையல் நடக்கிற ஆபீசாகப் பார்த்துப் போங்கள்.

பதிவும் தேர்வும்

பட்டம் வந்ததும் சென்னையில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் பற்றி ஒரு நல்ல செய்தி: வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ல் சொன்ன தொகைக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தனி.

அதன்பிறகு இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வை எழுதித் தேற வேண்டும். நூறு கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை. குறிப்பு இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே எடுத்துப்போகலாம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு 40. சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கை பழகியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வக்கீலாகவும் தொழில் செய்ய முடியாது, ஐடி வேலையை வைத்துக்கொண்டு சனிக்கிழமை மட்டும் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீனியரைத் தேடுவது

இதுதான் நிஜமான சேர்க்கை. பெயர் பெற்ற சீனியரைத் தேடுவதைவிட, தன் வழக்கில் தானே ப்ரூஃப் அஃபிடவிட் (சாட்சியின் வாக்குமூலத்தை எழுத்தில் தரும் பிரமாணப் பத்திரம்) எழுதி, தானே கிராஸ் செய்து, தீர்ப்பு வரை ஓட்டுகிறவரைத் தேடுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? குடும்ப வழக்குகள் பெரும்பாலும் பூட்டிய அறையில் நடக்கும், வெளியாள் போய் உட்கார முடியாது, குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் அதற்காகத்தான் இருக்கின்றன. ஆகவே கோர்ட் குமாஸ்தாக்களிடமும், உங்களுக்கு இரண்டு வருடம் மூத்த ஜூனியர்களிடமும் கேளுங்கள். யார் வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுகிறார், யார் சாட்சி நாளில் தயாராக வருகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பணம் பற்றிக் கூச்சப்படாமல் முதல் நாளே பேசிவிடுங்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரச் சொல்லி சுற்றறிக்கை விடுமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எல்லா ஆபீசிலும் அது கைக்கு வருகிறதா என்றால், வருவதில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. பஸ் காசு மட்டும் தருகிற ஆபீசில், வேலையும் கற்றுத் தராவிட்டால், ஆறு மாதத்துக்கு மேல் இருக்காதீர்கள்.

முதல் வருடம்: கோர்ட்டின் கை வேலை

காலையில் கால் வொர்க்கில், அதாவது அன்றைய வழக்குகளை வரிசையாகக் கூப்பிடும் நேரத்தில், பெயர் வரும்போது எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்வதுதான் முதல் வேலை. கட்சிக்காரர் வந்திருக்கிறாரா, கவுண்டர் (பதில் மனு) தாக்கலாகிவிட்டதா, எதிர்த்தரப்புக்கு சம்மன் சேர்ந்ததா, இதெல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். மனு ரிட்டர்ன் ஆனால் என்ன குறை என்று படித்துச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது, பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, நகல் மனு போடுவது, இ-ஃபைலிங் ஏற்றுவது, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வைத்து அடுத்த வாய்தா பார்ப்பது, இவற்றைக் குமாஸ்தா பார்த்துக்கொள்வார் என்று விட்டால் பத்து வருடம் கழித்தும் அவரையே நம்பி இருப்பீர்கள். ஒரு வழக்கு ஏன் கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆகாமல் கிடக்கிறது என்று தெரியாத வக்கீலைக் கட்சிக்காரர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்.

குடும்ப நல கோர்ட்டில் மட்டும் உள்ள ஒரு விசித்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ன் 13-ஆம் பிரிவின்படி, எந்தத் தரப்புக்கும் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை கிடையாது. கோர்ட் அனுமதித்தால்தான் உண்டு. நடைமுறையில் வக்காலத்தோடு அனுமதி மனுவும் போடுகிறோம், அனுமதியும் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் அந்தப் பிரிவின் மனப்போக்கு அந்த கோர்ட் முழுக்கப் பரவியிருக்கிறது. நீதிபதி உங்களைத் தாண்டி நேராகக் கட்சிக்காரரிடம் பேசுவார். கவுன்சலிங் அறைக்குள் உங்களுக்கு இடமில்லை. அதில் கோபப்படாதீர்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் இல்லாதபோது உங்கள் கட்சிக்காரர் என்ன பேச வேண்டும், எதற்கு யோசிக்காமல் தலையாட்டக் கூடாது என்று முந்தின நாளே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இதே விவாகரத்து மனு சார்பு நீதிமன்றத்தில் ஹெச்எம்ஓபி (இந்து திருமண அசல் மனு) என்ற நம்பரில் ஓடும். அங்கே 13-ஆம் பிரிவுத் தொல்லை இல்லை.

எந்தெந்தச் சட்டம்

கட்சிக்காரர் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த முறைப்படி கல்யாணம் நடந்தது என்பது. இந்து திருமணச் சட்டம் 1955, சிறப்புத் திருமணச் சட்டம் 1954, கிறிஸ்தவர்களுக்கு 1869-ன் விவாகரத்துச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கு 1939-ன் திருமணக் கலைப்புச் சட்டம், குழந்தை விஷயத்துக்கு 1890-ன் காப்பாளர் சட்டம், கூடவே 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இந்த ஆறையும் மூலப் பிரதியில், ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்துவிடுங்கள், கையடக்கப் பதிப்புகள் கிடைக்கின்றன. இந்து திருமணச் சட்டத்தில் நம் மாநிலத்துக்கென்றே உள்ள 7-ஏ பிரிவை மறக்க வேண்டாம். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்கிற சுயமரியாதைத் திருமணம் இங்கே செல்லும். அப்படி நடந்த கல்யாணத்தில், நடந்ததா இல்லையா என்பதே வழக்காக வரும்போது உறவினரும் நண்பரும் சொல்லும் சாட்சியம்தான் கை கொடுக்கும்.

புதிய குற்றவியல் சட்டங்களும் சாட்சியச் சட்டமும் வந்ததால் 2024 ஜூலை 1 முதல் பிரிவு நம்பர்கள் மாறிவிட்டன. ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 இப்போது பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144. மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதற்கான, பழைய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ இப்போது பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 85. பழைய தீர்ப்புகள் எல்லாம் பழைய நம்பரில் இருப்பதால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் புதியவர்களைத் திணறடிக்கிற விஷயம்: ஒரே குடும்பத்துக்கு நான்கைந்து வழக்கு நம்பர் இருக்கும். கணவர் விவாகரத்து போட்டிருப்பார், மனைவி சேர்ந்து வாழக் கேட்டு 9-ஆம் பிரிவில் போட்டிருப்பார், ஜீவனாம்சம் ஒன்று, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறை மனு ஒன்று, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார், குழந்தைக்காக இன்னொன்று. ஊர் தூரமாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் மாற்றல் மனு. நீங்கள் ஒன்றில்தான் ஆஜராகிறீர்கள் என்றாலும் எல்லாவற்றின் நகலையும் வாங்கி ஒரே கட்டில் வையுங்கள். சம்பளம் ஒரு மனுவில் ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை என்று இருந்தால் அதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி. அது உங்கள் பக்கத்தில் இருந்தால் மனு எழுதும்போதே சரிசெய்யுங்கள், கூண்டில் ஏறிய பிறகு முடியாது.

மனு எழுதுவது

கதை எழுதாதீர்கள். "எதிர்மனுதாரர் மனுதாரரைச் சொல்லொணாக் கொடுமைக்கு உள்ளாக்கினார்" என்ற வரி ஊரில் உள்ள எல்லா மனுவிலும் இருக்கிறது, அதை வைத்து எந்த நீதிபதியும் விவாகரத்து கொடுத்ததில்லை. எந்த மாதம், எந்த வீடு, யார் இருந்தார்கள், அன்றைக்கு என்ன நடந்தது, அதன்பிறகு யாரிடம் சொன்னார்கள். இப்படி ஐந்து சம்பவங்கள், சாட்சியம் கொடுக்க முடிந்த ஐந்து சம்பவங்கள் போதும். கட்சிக்காரர் ஆத்திரத்தில் நாற்பது சொல்வார். அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள், மனுவில் போடாதீர்கள். முக்கியமாக எதிர்த்தரப்பின் ஒழுக்கத்தைப் பற்றி ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட வேண்டாம். ஆதாரமில்லாத நடத்தைக் குற்றச்சாட்டே கொடுமை என்று எதிராளிக்கு விவாகரத்து கிடைத்த வழக்குகள் உண்டு.

கல்யாணமாகி ஒரு வருடம் முடியாமல் சாதாரணமாக மனு போட முடியாது என்பதையும், எந்த ஊர் கோர்ட்டில் போடலாம் என்பதையும் முதலிலேயே பாருங்கள். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், மனைவி மனு போடுகிறார் என்றால் அவர் இப்போது இருக்கும் ஊர்.

ஜீவனாம்ச மனு என்றால் சொத்து, வருமானம், கடன் விவரங்களை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அதற்கு மாதிரிப் படிவமும் கொடுத்திருக்கிறது. இதைப் பல ஆபீசில் கடனே என்று நிரப்புகிறார்கள். வேண்டாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல் மூன்றையும் எதிரே வைத்துக்கொண்டு வரி வரியாக நிரப்புங்கள். எதிர்த்தரப்பின் பத்திரம் வந்ததும் அதே மூன்றையும் கேட்டு மனு போடுங்கள். நிறைய வழக்குகள் இந்தக் காகிதத்தில்தான் ஜெயிக்கின்றன, தோற்கின்றன. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கிடைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, அதனால் தாக்கல் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். உத்தரவு வாங்கிய பிறகு நிலுவை சேர்ந்தால், 144-ன் கீழ் வசூல் மனுவை அந்தத் தொகை வர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதையும் டைரியில் குறித்துவையுங்கள்.

சாட்சியமும் கிராஸும்

சாட்சி தன் தரப்பைச் சொல்லும் முதல் விசாரணை ப்ரூஃப் அஃபிடவிட்டாகத் தாக்கலாகும். மனுவை அப்படியே நகலெடுத்து "நான்" என்று மாற்றி ஒட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அதற்குப் பதில், ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதிரே எந்த ஆவணம், எந்த சாட்சி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதிரே ஒன்றும் இல்லாத சம்பவத்தைப் பற்றி உங்கள் கட்சிக்காரரை நீங்களே ஆபீசில் கிராஸ் செய்து பாருங்கள். தடுமாறினால் அங்கேயே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் செய்தி இல்லாத வழக்கே இப்போது இல்லை. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தகராறைத் தீர்க்க உதவும் எதையும் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல் நீதிபதி ஏற்கலாம் என்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சையும் திருமண வழக்கில் சான்றாக எடுக்கலாம் என்றது. அதற்காக, ஸ்கிரீன்ஷாட்டை வெறுமனே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழை, பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி, இப்போது பிஎஸ்ஏ (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63, சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். மூலப் போனைக் கட்சிக்காரர் விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும்.

குறுக்கு விசாரணையைக் கற்க நல்ல வழி, பழைய கட்டுகளில் உள்ள வாக்குமூலங்களைப் படிப்பது. நம் கோர்ட்டுகளில் கேள்வி பதிவாகாது, பதில் மட்டும் "நான்" என்று சாட்சியே சொல்வதுபோலப் பதிவாகும். "நான் 2019-ல் தாய் வீட்டுக்குச் சென்றேன் என்று சொன்னால் சரிதான். எனது கணவர் என்னை அழைக்க வந்தார் என்று சொன்னால் சரியல்ல." இந்த வரிகளைப் படித்து, என்ன கேள்வி கேட்டால் இந்தப் பதில் வந்திருக்கும் என்று பின்னோக்கி எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் சாட்சி மாட்டினார், எங்கே வக்கீல் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டுக் கெடுத்தார் என்பது பளிச்சென்று தெரியும்.

தனியாக கிராஸ் செய்யும் நாள் வரும்போது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டிய சின்ன உண்மைகளிலிருந்து தொடங்குங்கள். கல்யாணத் தேதி, வேலை, எவ்வளவு நாள் சேர்ந்து இருந்தார்கள். பிறகு முரண்பாடுகள். "ஏன்" என்று கேட்காதீர்கள். கேட்டால் அந்தப் பெண்ணோ ஆணோ மனதில் அடக்கி வைத்த பத்து வருடத்தையும் கொட்டிவிடுவார், அத்தனையும் பதிவாகும். குரலை உயர்த்தவும் வேண்டாம். கூண்டில் நிற்கிறவர் அழ ஆரம்பித்தால் அந்த அறையில் இருக்கும் எல்லோரும் அவர் பக்கம் போய்விடுவார்கள், உங்கள் கட்சிக்காரர் உட்பட. கடைசியில் உங்கள் தரப்பு வழக்கைச் சாட்சியிடம் முன்வைக்க மறந்துவிடாதீர்கள். "பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல" என்ற வரி சடங்கு மாதிரித் தெரியும், ஆனால் அதற்கு முன்னால் உங்கள் தரப்பு உண்மைகளைச் சாட்சியிடம் கேட்காமல் விட்டால் வாதத்தில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

சமரசம், குழந்தை, ஒழுங்கு

ட்ரையல் வக்கீல் என்றால் எல்லாவற்றையும் தீர்ப்பு வரை இழுப்பது என்று அர்த்தமில்லை. சமரசத்துக்கு முயல வேண்டியது கோர்ட்டின் கடமை என்று சட்டமே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லிருந்து சமரச மையம் இயங்குகிறது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வேலைக்கு ஆகும். சமரச ஒப்பந்தம் எழுதும்போது நகை, குழந்தையின் பள்ளிச் செலவு, பாஸ்போர்ட், வாபஸ் வாங்க வேண்டிய மற்ற வழக்குகளின் நம்பர், எல்லாமே தேதியோடு இருக்கட்டும். சம்மதத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் மட்டும் கட்சிக்காரர் சொல்வதை அப்படியே வாதமாக்க வேண்டாம். கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனை. வாரக் கடைசியில் குழந்தையைக் காட்ட மறுக்கும் கட்சிக்காரரைத் தட்டிக் கேட்க வேண்டியவர் அவருடைய வக்கீல்தான். சொல்லிக் கொடுத்து அழைத்து வந்த குழந்தையை நீதிபதிகள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்புக்கு வக்கீல் இருக்கும்போது அவரைத் தாண்டி அந்தக் கட்சிக்காரரிடம் நேராகப் பேசக் கூடாது, போன் வந்தாலும். ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதும், விளம்பரம் செய்வதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு. "விவாகரத்து ஸ்பெஷலிஸ்ட்" என்று இன்ஸ்டாகிராமில் ரீல் போடுகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். ஃபீஸைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மனு தாக்கல், இடைக்கால மனு, சாட்சியம், வாதம் என்று எழுதிக் கொடுத்து ரசீதும் கொடுங்கள். இரவு பதினோரு மணிக்கு அழுதுகொண்டு வரும் போன்களுக்கு ஒரு நேரம் வகுத்துவிடுங்கள், அடி, உதை, வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டார்கள் என்றால் மட்டும் எந்த நேரமும் எடுக்க வேண்டும். பெண்களுக்கான 181 உதவி எண்ணையும் குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணையும் போனில் வைத்திருங்கள்.

மூன்று வருடம் கழித்து

மூன்று ஆண்டு தொழில் முடிந்ததும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், அங்கே வருவதில் குடும்ப வழக்குகள் நிறைய. பணம் குறைவு, தனியாக நடத்துகிற ட்ரையல்கள் அதிகம். சிவில் நீதிபதித் தேர்வுக்கும் மூன்று ஆண்டு வக்கீல் தொழில் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது, ஆகவே நீங்கள் ஆஜரான வழக்குகளின் நம்பரும் தேதியும் ஒரு நோட்டில் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். சமரசகராக விருப்பம் இருந்தால் அதற்கு 40 மணி நேரப் பயிற்சி தனியாக உண்டு.

கடைசியாக, தீர்ப்பு நாளில் செய்ய வேண்டியது. குடும்ப நீதிமன்றச் சட்டம் அப்பீலுக்கு 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. எது பொருந்தும் என்ற வாதத்தை நீங்கள் கிளப்ப வேண்டாம், 30 நாளுக்குள் போட்டுவிடுங்கள். அதற்குத் தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட வேண்டும். ஜெயித்த கட்சிக்காரரிடம், அப்பீல் காலம் முடிகிற வரை அடுத்த கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.